ஒரு மூட்டை நெல்லும் இரண்டு வகுப்புகளும்

"ஈரப்பதம் 20-லிருந்து 17-க்கு இறங்கினால் 100 கிலோவுக்கு 3 கிலோதானே சார் குறைய வேண்டும்?"

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருநாள், வணிகவியல் பிரிவு மாணவன் ஒருவன் வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன அவனுடைய அப்பாவை, ஈரம் 20 சதவீதம் இருக்கிறது, காயவைத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். 17 சதவீதம் வரைதான் வாங்குவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் நிறுத்தபோது 40 கிலோ மூட்டை 60, அதாவது 2400 கிலோ. காயவைத்துத் திரும்பப் போனபோது 72 கிலோ குறையும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். குறைந்ததோ 87 கிலோ. மீதி 15 கிலோவைத் தராசில் யாரோ தின்றுவிட்டார்கள் என்று வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு.

அவனுடைய வணிகவியல் ஆசிரியைதான் அவனை என்னிடம் அனுப்பியிருந்தார். திருவாரூர் மாவட்டத்தில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் எனக்கு, கரும்பலகையில் விடையைச் சொல்லிவிட இரண்டு நிமிடம் போதும். 20 சதவீத ஈரமுள்ள 2400 கிலோவில் தண்ணீர் போக 1920 கிலோ இருக்கிறது. காய்ந்தாலும் அந்த 1920 மாறாது. ஆனால் இப்போது அது மொத்த எடையில் 83 சதவீதம். 1920-ஐ 0.83-ஆல் வகுத்தால் 2313 கிலோ. குறைந்தது 87. தராசு பொய் சொல்லவில்லை. 20 சதவீதம் என்பது ஒரு மொத்தத்திலிருந்தும் 17 சதவீதம் என்பது வேறொரு மொத்தத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்ததுதான் பிழை.

பையன் தலையாட்டினான். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்பாவின் 15 கிலோ நெல்லை ஒரு வகுத்தல் கணக்கு விழுங்கிவிட்டது என்றால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? மறுநாள் ஒரு படி நெல் கொண்டுவரச் சொன்னேன்.

நெல்லின் ஈரத்தை அளக்க அதை முழுக்க உலர்த்தி எடையைப் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் அதற்கான வெப்ப அடுப்பு கிடையாது. பீங்கான் கிண்ணத்தில் நெல்லை இடித்துப் போட்டு, மணல் தட்டின் மேல் வைத்து, மெல்லச் சூடாக்கி, ஆறவைத்து நிறுப்போம். மறுபடி சூடாக்கி மறுபடி நிறுப்போம். எடை இனி மாறவில்லை என்ற நிலை வரும்வரை இதுதான் வேலை. வேதியியல் பிரிவிலிருந்து நான்கு பேர், வணிகவியல் பிரிவிலிருந்து நான்கு பேர் என்று குழு பிரித்தோம். ஒரு குழு அவசரப்பட்டுத் தீயைக் கூட்டியது. நெல் கருகியது. அவர்களுக்குக் கிடைத்த ஈரப்பதம் மற்ற எல்லோரையும்விடக் கூடுதல். தண்ணீரோடு மாவும் எரிந்து போனால் அதுவும் ஈரக் கணக்கில்தானே சேரும்! அன்று அதிகம் கற்றுக்கொண்டவர்கள் அந்தக் குழுவினர்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மேல்நிலை வகுப்பில் வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையென்று இருப்பதிலும் பாதி நேரம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதில் போய்விடுகிறது. கண்டுபிடிக்கச் சொல்லித் தரும் உப்பு எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கரைசலில் வராத வீழ்படிவை (அடியில் படியும் திடப்பொருளை) வந்ததாக எழுதும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை, சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் தருகிறோம். வணிகவியல் நிலைமை இன்னும் மோசம். எழுத்து 90, அகமதிப்பீடு 10. செய்முறைக்கென்று ஒரு மதிப்பெண்கூட இல்லை. நாளேடு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் பாடநூலில் வரும் யாரோ ஒரு வணிகருடைய கணக்காகவே முடிந்துபோகின்றன.

அதனால்தான் அந்த நெல் மூட்டையை வணிகவியல் ஆசிரியை விடவில்லை. குறுவைக்கு ஆன செலவை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னார். உழவு, நாற்று, உரம், அறுவடை இயந்திர வாடகை, சாக்கு, வண்டி என்று வரிசையாக எழுதி வந்தார்கள். பலருக்கும் லாபம் வந்திருந்தது. "உன் அம்மா எத்தனை நாள் களை எடுத்தார்? அதற்குக் கூலி எங்கே?" என்று ஆசிரியை ஒருவனிடம் கேட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. அம்மாவின் களையெடுப்பு, தாத்தாவின் இரவுக் காவல், சொந்த விதைநெல் எதுவுமே எவருடைய ஏட்டிலும் இல்லை. அவற்றுக்கும் விலை போட்டு மறுபடி எழுதியபோது சில ஏடுகளில் லாபம் மெலிந்தது, சிலவற்றில் காணாமலே போனது. பொருளியல் நூலில் 'வாய்ப்புச் செலவு' என்று மனப்பாடம் செய்தது இதைத்தான் என்று ஒரு மாணவி தானாகவே சொன்னாள்.

கீழ்வகுப்புகளுக்கும் இது பொருந்தும். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் வரும்போது நாங்கள் முட்டையும் உப்பும் வாங்குகிறோம். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்தால், அடியில் கிடந்த முட்டை மேலே வந்து சிறு நாணயம் அளவுக்குத் தலைகாட்டும். அந்த நீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும், திரண்ட மணி அடியில் தங்கும். டெல்டாவில் பாட்டன்மார் செய்துவந்த வேலை இது. தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். ஒரு முறை வேண்டுமென்றே ஒரு பங்கைக் கழுவாமல், ஈரச் சாக்கில் 100 விதையாக எண்ணிப் பரப்பி முளைப்பைப் பார்த்தோம். கழுவாத பங்கு பின்தங்கியது. உப்பு என்ன செய்யும் என்று அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேதாரண்யம் பக்கத்து உறவினர் நிலத்தில் கடல்நீர் ஏறியதைப் பிள்ளைகளே பேசத் தொடங்கினார்கள்.

இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லவேண்டும். குழுவைச் சும்மா விட்டால் ஆண்பிள்ளைகள் தராசைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் குறிப்பு எழுதுவார்கள். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். செய்முறை என்ற பெயரில் பிள்ளைகளை வயல் வேலைக்கும் பள்ளி வேலைக்கும் இழுக்கக் கூடாது. அளப்பதும் எழுதுவதும் கேட்பதும்தான் அவர்கள் வேலை. சூடாக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பெற்றோர் சிலர் வந்து, "பொதுத்தேர்வு வருகிறது, நெல்லைக் காயவைத்துக்கொண்டிருக்கிறீர்களே" என்று கேட்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. நான் அவர்களை மேசைக்கு அழைத்து, அவர்கள் பிள்ளையையே விளக்கச் சொல்வேன். பிள்ளை தடுமாறினால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை என்று எனக்கும் தெரிந்துவிடும்.

அந்தப் பையன் கருகாத குழுவில் இருந்தான். அளந்து முடித்த மாலை, ஒரு தாளில் 1920-ஐப் பெரிதாக எழுதி வட்டமிட்டு வீட்டுக்கு எடுத்துப்போனான். அடுத்த வாரம் அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். கைப்பையில் ஒரு பொட்டலம் நெல். சம்பா அறுவடையின்போதும் கொண்டுவரலாமா என்று கேட்டார். நாங்கள் அளப்பதைக் கொள்முதல் நிலையத்தில் ஏற்கமாட்டார்கள் என்று சொன்னேன். "அது தெரியும் ஐயா, எனக்குத் தெரிந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து மகனிடம் நீட்டினார்.