காப்பீடா, காப்புறுதியா?

இன்சூரன்ஸ் என்பதைத் தமிழ்நாட்டில் காப்பீடு என்று எழுதுகிறோம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் காப்புறுதி. இரண்டும் ஒன்றுதானே, எதை எழுதினால் என்ன என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். மருத்துவக் காப்பீட்டை அரசு நடத்த வேண்டுமா, தனியார் நடத்த வேண்டுமா என்ற வாதங்களைத் தொடர்ந்து வாசித்த பிறகுதான், இரண்டு தரப்பும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள் என்பது உறைத்தது.

முதலில் வேர். லத்தீனில் 'செக்யூரஸ்' என்றால் கவலையற்றவன். 'செ' என்பது இல்லாமை, 'கூரா' என்பது கவலை. இது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அஷூரன்ஸ், இன்சூரன்ஸ் என்ற இரண்டு சொற்களுக்கும் வேரானது. காப்பீட்டுக்குத் தொடக்கத்தில் அங்கே புழங்கியது அஷூரன்ஸ்தான். கப்பல் வணிகர்களின் காப்பீட்டு வழக்குகளுக்காக 1601-இல் இங்கிலாந்தில் போட்ட சட்டம் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. பின்னால் இன்சூரன்ஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் சிலவற்றின் பெயரில் இன்னும் அஷூரன்ஸ் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய வழக்கின் மிச்சம்.

தமிழுக்கு வருவோம். காப்பு + ஈடு. இந்த ஈடு இருக்கிறதே, அது கணக்குப் பார்க்கிற சொல். ஈடு இணை என்கிறபோது சமம், ஈடுகட்டு என்கிறபோது பதிலுக்குப் பதில், நிலத்தை ஈடு வைத்தான் என்றால் அடமானம், இழப்பீடு என்றால் போனதற்குச் சரியான மாற்று. ஆக, காப்பீடு என்பது கொடுத்ததற்கு ஏற்பப் பெறுவது. காப்புறுதியோ காப்பு + உறுதி. அதில் கணக்கு இல்லை, வாக்கு இருக்கிறது: உனக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

தனியார் நிறுவனத்தை அதன் போக்கில் விட்டால் அது கறாராக ஈட்டின் பக்கம்தான் நிற்கும். வயது என்ன, சர்க்கரை இருக்கிறதா, ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று கேட்டு, ஆபத்துக்குத் தக்கபடி பிரீமியம் போடும், காத்திருப்புக் காலம் வைக்கும், சிலரை வேண்டாம் என்றே சொல்லிவிடும். இதைக் கொடுமை என்று திட்டுவது எளிது, ஆனால் அவர்களுக்கும் ஒரு பயம் உண்டு. யாரையும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டால், நல்ல உடம்போடு இருப்பவர்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று வெளியே நிற்பார்கள், நோயாளிகள் மட்டும் உள்ளே வருவார்கள், பிரீமியம் ஏறும், ஏற ஏற இன்னும் கொஞ்சம் பேர் நழுவுவார்கள், கடைசியில் மிஞ்சுவது நோயாளிகளும் நஷ்டமும். எல்லாரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடாமல் இந்தச் சுழலை நிறுத்துவது கஷ்டம்.

1883-இல் ஜெர்மனியில் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த திட்டம், தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு அதைத்தான் செய்தது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. கணக்கிட்டது கூலியை வைத்து, நோயை வைத்து அல்ல. ஈடு உறுதியாக மாறிய இடம் என்று இதைச் சொல்லலாம். உறுதியிலும் ஓட்டை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. சிகிச்சை உங்கள் உரிமை என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் வரிசையில் நிறுத்தினால், அது என்ன உறுதி? தனியாரை ஆதரிப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது சட்டென்று பதில் சொல்லிவிட முடிவதில்லை.

ஆனால் அரசு என்றால் உறுதி, தனியார் என்றால் ஈடு என்று கோடு கிழித்துவிடவும் முடியாது. சுவிட்சர்லாந்தில் மருத்துவக் காப்பீட்டை விற்பவை தனியார் நிறுவனங்கள்தாம். ஆனால் 1996 முதல் எல்லாரும் சேர்வது கட்டாயம், வருகிற யாரையும் நிறுவனம் மறுக்கக் கூடாது, அடிப்படைக் காப்பீட்டில் லாபமும் எடுக்கக் கூடாது. அமெரிக்காவிலும் 2010-இல் வந்த சட்டம், பழைய நோயைக் காட்டி ஆளைத் தள்ளுவதைத் தடுத்தது, வசூலிக்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவிட வேண்டும் என்றது. கடை தனியாருடையது, விதி உறுதியினுடையது. அதனால் யார் நடத்துகிறார்கள் என்பதைவிட, நோயாளியைத் தள்ளிவிட முடியுமா முடியாதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, எப்படி எழுதுவது? மருத்துவக் காப்பீடு ஊன்றிவிட்ட சொல், அதைப் பிடுங்க வேண்டாம். பொதுக் காப்பீடு என்பதில்தான் வம்பு. தமிழில் அது ஏற்கெனவே ஜெனரல் இன்சூரன்ஸைக் குறிக்கிறது, அதாவது வண்டி, தீ, கப்பல் எல்லாம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் (1965) போல, சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுவதை அரசு மருத்துவக் காப்பீடு என்றால் குழப்பமில்லை. கனடாவுக்கும் அது பொருந்தும், அங்கே பெரும்பாலான டாக்டர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்றாலும். ஜெர்மனியின் நோய்க்காப்பு நிதியங்கள் அரசுத் துறையும் இல்லை, தனியார் கம்பெனியும் இல்லை, தம்மைத் தாமே நிர்வகித்துக்கொள்பவை. அவற்றுக்குச் சமூகக் காப்பீடு பொருத்தம். 1948-இல் பிரிட்டன் தொடங்கிய தேசிய நலச் சேவையில் பிரீமியமும் கிடையாது, கிளெய்மும் கிடையாது. அதைக் காப்பீடு என்றே எழுதக் கூடாது; வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவச் சேவை என்று நீளமாக எழுதிவிடுவதே மேல்.