துருகம்: ஏறிச் சேர அரியது

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே போனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். வீரபத்திர துர்க்கம், தட்டக்கல் துர்க்கம், உத்தேதுர்க்கம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது 'துருகம்'. "துருகத்து மேல மேகம் எறங்கியிருக்கு, ஆட்டப் புடிச்சிக் கட்டு" என்பார்கள். சின்ன வயதில், துருகம் என்றால் பெரிய பாறைமலை என்றே நினைத்திருந்தேன். மேலே ஏறி இடிந்த மதிலைப் பார்த்த பிறகுதான் கோட்டை என்ற பொருள் தெரிந்தது. ஆனால் முதலில் நினைத்ததும் அவ்வளவு தவறில்லை என்று இப்போது படுகிறது.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'துர்' என்ற முன்னொட்டுக்கு அரிய, கடினமான என்று பொருள். 'கம்' என்பது செல்லுதலைக் குறிக்கும் வினையடி. இரண்டும் சேர்ந்தால் 'செல்வதற்கு அரியது'. துர்க்கை என்னும் தெய்வப் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். கவனித்துப் பாருங்கள்: இந்தச் சொல்லுக்குள் கல் இல்லை, மதில் இல்லை, அரசன் இல்லை. கட்டடத்துக்கு வைத்த பெயரல்ல, இடத்தின் தன்மைக்கு வைத்த பெயர். தமிழ் இதைத் துருக்கம் என்று மெய்யெழுத்துகளைப் பிரித்து ஏற்றுக்கொண்டது. பேச்சில் அது இன்னும் தேய்ந்து துருகம் ஆயிற்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தியாகதுருகம் எழுத்திலேயே அப்படித்தான் நிற்கிறது. ஆங்கிலேயர் ஏடுகளில் 'ட்ரூக்' ஆனது. நந்தி துர்க்கத்தை அவர்கள் நந்திட்ரூக் என்று எழுதினார்கள்.

இதற்கு நேர்த் தமிழ் கேட்டால் எல்லோரும் உடனே 'கோட்டை' என்பார்கள். பிழையில்லை, ஆனால் நேரும் இல்லை. கோட்டை, திராவிட மொழிகளின் சொந்தச் சொல். கன்னடத்தில் கோட்டெ, தெலுங்கில் கோட்ட. 'கோடு' என்பதற்கு வளைவு என்ற பொருள் உண்டு. வளைத்துக் கட்டியதால் கோட்டை என்பது சொல்லாய்வாளர் பலர் காட்டும் வழி. நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் "நிலா கோட்ட கட்டியிருக்கு" என்கிறோமே, அங்கே கல்லா இருக்கிறது? வளையம்தான் இருக்கிறது. வைக்கோலைச் சுற்றிக் கட்டிய விதைநெல் மூட்டைக்கும் கோட்டை என்றே பெயர். ஆக, கோட்டை என்பது சுற்றி வளைத்ததைச் சொல்கிறது. துர்க்கமோ எட்ட முடியாததைச் சொல்கிறது. ஒன்று மனிதன் செய்தது, மற்றது மலை செய்தது.

பொதுச்சொல் என்றால் 'அரண்' பொருந்தும். திருக்குறளில் அரண் என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் 'மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்' என்ற குறள் நீர், வெட்டவெளி, மலை, காடு என நான்கையும் அரணாக எண்ணுகிறது. அர்த்தசாஸ்திரம் சொல்லும் துர்க்கங்களும் ஏறத்தாழ இதே நான்குதான். அடுத்த குறள் உயர்வு, அகலம், திண்மை, அருமை என அரணுக்கு நான்கு இலக்கணம் வகுக்கிறது. கடைசியில் நிற்கும் 'அருமை'யில் என் மனம் நின்றுவிடுகிறது. இன்று அருமை என்றால் 'நல்லா இருக்கு' என்று பொருள். அங்கே அது பகைவர் நெருங்குவதற்கு அரியதாக இருத்தல். துர்க்கத்தின் பொருள் அப்படியே அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

அந்த 'அரு' வேரிலேயே கோட்டைக்கு ஒரு சொல் நம்மிடம் இருந்தது: அருப்பம். மதுரைக்காஞ்சியில் 'நெடுமதில் நிரைஞாயில் அம்புமிழ் அயில் அருப்பம்' என்று வருகிறது. நெடிய மதிலும் வரிசையான ஞாயில்களும் கொண்டு அம்பு உமிழும் அரண். ஞாயில் என்பது மதிலின் தலையில், மறைந்து நின்று எய்ய வசதியாகக் கட்டிய உறுப்பு. அதற்குச் சற்று முன்னே காவற்காட்டுக்கு 'மிளை', அகழிக்குக் 'கிடங்கு' என்ற சொற்களும் வருகின்றன. கிடங்கு அன்று நீர் நிறைந்த பள்ளம், இன்று நெல் அடுக்கும் இடம். துர்க்கத்துக்கு வேரோடு பொருந்தும் தமிழ் எதுவென்று கேட்டால் அருப்பத்தைத்தான் சொல்வேன்.

பெயருக்கு ஏற்றபடிதான் இவை இருந்தனவா? 1791ஐப் பாருங்கள். மைசூர் மேட்டு நிலத்திலிருந்து தென்பெண்ணைப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழி யார் கையில் இருக்கிறதோ, கீழே உள்ள சமவெளியும் அவர் கைக்குள் வரும். அந்த வழியின் பூட்டு இராயக்கோட்டை. திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், அந்த ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கியது. கோட்டையை ஒட்டிய ஊரான பேட்டையும் கீழ்க்கோட்டையும் விழுந்தன, மேல்கோட்டை விழவில்லை. ஏற முயன்றவர்கள் மீது மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. கடைசியில் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், காகிதத்தில்தான் அது கைமாறியது. 'சிறுகாப்பிற் பேரிடத்ததாகி' என்று குறள் சொல்வதன் பொருள் அந்த மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் விளங்கும். சுற்றிலும் செங்குத்துப் பாறை. காவல் காக்க வேண்டியது ஏறும் பாதை ஒன்றைத்தான், உள்ளேயோ இடம் தாராளம்.

அந்த உடன்படிக்கையில் கைமாறிய நிலத்துக்குப் பாராமகால் என்று பெயர். 'பாரா' என்றால் பன்னிரண்டு. மகால் என்றதும் அரண்மனை என்று பெயர்த்து, 'பன்னிரண்டு அரண்மனை நாடு' என்று எழுதுகிறார்கள். வரி நிர்வாகத்தில் மகால் என்பது ஒரு வருவாய்ப் பிரிவுக்கும் பெயர். பன்னிரண்டு கோட்டைகள், அவற்றைச் சார்ந்த பன்னிரண்டு பற்றுகள் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய பட்டியலில் கிருஷ்ணகிரி, ஜகதேவி, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி ஆகியவற்றோடு மகாராஜகர் என்றும் ஒரு பெயர் உண்டு. 'கர்' வடக்கே கோட்டையைக் குறிக்கும் சொல். இன்றைய மகாராஜகடை அதுதான். அங்கே 'கடை'க்குக் கடைத்தெருவைத் தேட வேண்டாம்.

ஊருக்குப் பெயர் வைத்த பழைய ஆட்களுக்குக் கோட்டைக்கும் துர்க்கத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தருமபுரிக்குப் பக்கத்தில், சமநிலத்தில் இருப்பது அதியமான்கோட்டை. அதை யாரும் துர்க்கம் என்று சொன்னதில்லை. பாறைமேல் இருப்பவைதான் துர்க்கங்கள். மலைமேல் இருந்தும் கோட்டை என்றே நிற்கும் இராயக்கோட்டை மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது.

ஊர்ப்பெயர்களில் கை வைக்க வேண்டியதில்லை. வீரபத்திர துர்க்கம் அப்படியே இருக்கட்டும். ஆனால் 'ஹில் ஃபோர்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மலையரண்' என்று எழுதலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது அருப்பத்தையும் கூடவே சொல்லலாம். துருகத்தில் ஏறி மூச்சு வாங்கி, சுனைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொன்னால் இன்னும் நல்லது. அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.