படகுக்காரன் கயிறும் பாலாடைக்கட்டிப் புகையும்

"ஏரிக்கரையை வளைச்சுட்டாங்க சார். ஆனா அது என் பட்டா இடம் இல்லையே, நான் எப்படி கேஸ் போடறது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் வழக்கறிஞரான என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். இந்தக் கேள்வி பழைய ரோமுக்கும் பரிச்சயமானதுதான்.

கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூல் காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் எல்லோருக்கும் பொது என்கிறது. கரை எதுவரை என்றால், குளிர்காலத்தின் பெரிய அலை ஏறிவரும் இடம் வரை. ஆற்றங்கரை மட்டும் பக்கத்து நிலக்காரருக்குச் சொந்தம், அதில் நிற்கும் மரமும் அவருடையதே. ஆனாலும் படகில் வருகிறவன் அந்த மரத்தில் கயிற்றைக் கட்டிச் சரக்கு இறக்கினால் அவரால் தடுக்க முடியாது. சொத்து ஒருவருக்கு, பயன்பாடு ஊருக்கு. பொதுப்பாதையை யாராவது அடைத்தால், அகற்றச் சொல்லும் ஆணையை மக்களில் எவரும் கேட்கலாம், அதற்குக் காலக்கெடுவும் இல்லை.

அப்புறம் அந்தப் பாலாடைக்கட்டிக் கடை. மின்டுர்னே என்ற ஊரில் நகராட்சியிடமே குத்தகைக்கு எடுத்த கடை அது, அதன் புகை மேலே இருந்த கட்டடத்துக்குப் போனது. மேலே இருப்பவர் அதற்கு உரிமை எழுதிக் கொடுக்காதவரை புகையை அனுப்பக் கூடாது என்றார் அரிஸ்டோ என்ற சட்ட அறிஞர். நகராட்சியே குத்தகை கொடுத்தது என்ற சாக்கு அங்கே செல்லுபடியாகவில்லை! வீட்டு அடுப்பின் லேசான புகைக்கு மட்டும் விலக்கு உண்டு.

தண்ணீரில் இன்னும் கறார். கி.மு. 9இல் வந்த சட்டம், கால்வாயை வேண்டுமென்றே உடைத்தால் 1,00,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) அபராதம் என்றது. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? கி.பி. 97இல் நீர்வாரியப் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ் தெருக்களுக்கு அடியில் திருட்டு இணைப்புகளைக் கண்டுபிடித்துப் பிடுங்கினார். எவ்வளவு தண்ணீர் மீண்டது என்பதை, பிடுங்கிய குழாய்களில் கிடைத்த ஈயத்தின் அளவை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

சரி, இதெல்லாம் நமக்கெதற்கு? 1996இல் பியாஸ் நதிக்கரை ஆக்கிரமிப்பு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்த ரோமானியக் கருத்தைத்தான் எடுத்துக்காட்டி, இயற்கை வளங்களுக்கு அரசு உரிமையாளர் அல்ல, அறங்காவலர் என்றது. அதனால் பட்டா கேட்டு நான் திருப்பி அனுப்ப மாட்டேன். வரும்போது 'அ' பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல், புல வரைபடம், தேதியோடு எடுத்த புகைப்படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள்.