டொமைன்: ஆள்களப் பெயர்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துபவரானாலும் சந்தூரில் மாங்கன்று விற்பவரானாலும், தொழிலுக்கு இணையதளம் தொடங்க எண்ணியதும் அவரிடம் கேட்கப்படும் முதற்கேள்வி ‘டொமைன் வாங்கியாச்சா?’ என்பதே. டொமைன் என்று இங்கே சொல்வது, இணையதளத்தைச் சென்றடைய நாம் தட்டச்சு செய்யும் முகவரிப் பெயரை.

லத்தீன் மொழியில் ‘டொமினஸ்’ என்றால் உடையவன், தலைவன். அவனுக்குரிய உடைமை ‘டொமினியம்’. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, ஒருவரது ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பரப்பைக் குறித்தது. முன்பு வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் எழுதி ஒரே இடத்தில் பேணப்பட்டன. கணினிகள் பெருகி அம்முறை தாங்காமற் போகவே, பெயரிடும் அதிகாரத்தை ‘டொமைன்’ என்னும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருவர் ஆளும்படி விடும் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். மாவட்ட நிர்வாகத்தின் ‘கிருஷ்ணகிரி.நிக்.இன்’ என்னும் முகவரியை வலமிருந்து படித்தால் இது விளங்கும்: ‘இன்’ இந்தியாவுக்குரியது, அதனுள் ‘நிக்’ தேசியத் தகவலியல் மையத்துக்குரியது, அம்மையம் தன் எல்லைக்குள் கிருஷ்ணகிரிக்கு ஓரிடம் ஒதுக்கியுள்ளது.

தமிழில் ‘களப்பெயர்’, ‘ஆள்களப் பெயர்’ ஆகிய இரண்டும் வழங்குகின்றன. களம் என்று மட்டும் சொன்னால் தருமபுரிக்காரருக்குக் கேழ்வரகு அடிக்கும் இடமே நினைவுக்கு வரும். ஆட்சி என்னும் கருத்து அதில் இல்லை. ‘ஆள்களம்’ வினைத்தொகை: ஆண்ட களம், ஆள்கின்ற களம், ஆளும் களம் என முக்காலத்துக்கும் விரியும். பதிவைப் புதுப்பிக்க மறந்தவருக்கு அது ஆண்ட களமாகிவிடுவதால், இச்சொல்லே பொருத்தமானது என்பேன்.

ஏனெனில் ‘டொமைன் வாங்குவது’ என்று நாம் சொன்னாலும் அது கிரயம் அன்று; மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது போன்றது. ஒரு முறைக்கு அதிக அளவாகப் பத்தாண்டுகள் வரை பதியலாம். கெடு முடிந்தும் கட்டணம் செலுத்தாவிட்டால், குறிப்பிட்ட அவகாசத்துக்குப் பின் அப்பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, தளம் அமைத்துத் தருபவர் தம் கணக்கிலேயே பெயரைப் பதிந்துகொள்வதாகச் சொன்னால் அதற்கு இசையாமல், தொழில் உரிமையாளர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிய வேண்டும். அம்மின்னஞ்சல் அதே ஆள்களத்தைச் சார்ந்ததாக இருத்தல் கூடாது. பெயர் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்று, நினைவூட்டுக் கடிதமே வந்து சேராது. தளத்தின் கோப்புகள் இருக்கும் ‘ஹோஸ்டிங்’ வேறு, ஆள்களப் பெயர் வேறு. கோப்புகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் பெயர் மாறாது.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிவோருக்கு எழுத்துக்கூட்டலே பெருந்தொல்லை. ‘தகடூர்’ என்பதன் முதலெழுத்தை ஒருவர் ‘டி’ என்றும் மற்றொருவர் ‘டிஎச்’ என்றும் தொடங்குவர். இயன்றால் இரண்டையும் பதிந்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம். ‘.இந்தியா’ என முடியும் தமிழ் எழுத்துப் பெயர்களும் கிடைக்கின்றன. ஆனால் கணினிகள் அவற்றை ‘பியூனிகோடு’ என்னும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றியே கையாளுகின்றன. தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்களும் இன்னும் உள்ளன. எனவே இப்போதைக்குத் தமிழ்ப் பெயரை, ஆங்கில எழுத்துப் பெயருக்குத் துணையாகப் பதிவதே தக்கது.