ஊர் கட்சி மாறியது வைரஸால் அல்ல

பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடையும், அதன் பின்கட்டில் எட்டுக் கணினிகள் கொண்ட ஒரு விளையாட்டு நிலையமும் நடத்தி வருகிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரே முறையீட்டோடு நாலைந்து பேர் வருவது வழக்கம். "அண்ணாச்சி, சண்டையே போடல, என் ஊரு தானா எதிரி கையில போயிட்டு. கேம்ல ஏதோ வைரஸ் ஏறியிருக்கு" என்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த மே மாதம் செங்கோட்டையிலிருந்து பேருந்தில் வந்த ஒரு கணினியைத் திறந்து பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கணினியை ஒரு தாயும், பிளஸ் ஒன் முடித்த அவருடைய மகனும் கொண்டுவந்திருந்தார்கள். பையன் விளையாடியது, சுற்றுச் சுற்றாக ஊர்களைக் கட்டி ஒரு நாட்டை ஆளும் சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டு வரிசையின் நான்காவது விளையாட்டு. எல்லையோரத்தில் அவன் கட்டிய ஊர் ஒன்று, போர் எதுவும் நடக்காமலேயே பக்கத்து நாட்டோடு சேர்ந்துவிட்டது. அதைத் தடுக்க வழி தேடியவனுக்கு, ஊர்களைப் பூட்டி வைக்கும் நிரல் என்று யாரோ ஒரு காணொளியின் கீழே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நிறுவுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லியிருந்ததாம்; நிறுத்தியிருக்கிறான். இயக்கியபோது ஒன்றும் நடக்காததால் பயந்து மேலும் இரண்டு முறை இயக்கியிருக்கிறான். நான் பார்த்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு சீட்டு கிடந்தது; கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ் அது. அந்தத் தாய் ஆறு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கு முழுவதும் அதற்குள் சிக்கிக்கொண்டது. இத்தனைக்கும் அவன் தடுக்க நினைத்ததைத் தடுக்க, விளையாட்டைத் தொடங்கும் திரையிலேயே ஒரு டிக் கட்டம் இருக்கிறது.

பண்பாட்டுச் செல்வாக்கால் ஊர் கட்சி மாறும் ஏற்பாடு 2001இல் வெளிவந்த சிவிலைசேஷன் மூன்றில் புகுந்தது. கோயிலும் நூலகமும் கட்டிய நாட்டின் எல்லை விரியும், கட்டாத நாட்டின் எல்லை சுருங்கும், நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் ஒரு நாள் சாயும்; இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டைப் பையனுக்குப் புரியவைப்பது இன்னும் எளிதாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அவனுடைய ஊரே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, மொழியைக் காரணமாகக் கொண்டு, சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்ததை அவன் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறான். (ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். அங்கே போராட்டமும் ஆணையமும் சட்டமும் இருந்தன. விளையாட்டில் இருப்பது கூட்டல் பெருக்கல் மட்டும்.)

என் பொறுமையைச் சோதிப்பது இந்த ஏற்பாட்டைப் பற்றிய அறியாமை அன்று. "விளையாட்டு ஏமாற்றுகிறது" என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. அதற்கு எல்லாரும் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவருகிறார்கள். முதல் சாட்சி, "ஊருக்குள்ள ரெண்டு படை நின்னுச்சே அண்ணாச்சி" என்பது. படை நின்றால் ஊர் போகாது என்று எந்த விளையாட்டும் சொல்லவில்லை. மூன்றாவது விளையாட்டின் கணக்கில் ஊருக்குள் இருக்கும் அயல்நாட்டுக் குடிகள், ஊரைச் சுற்றியுள்ள 21 வரைபடக் கட்டங்களில் அயலார் எல்லைக்குள் போனவை, இரு நாடுகளின் மொத்தப் பண்பாட்டு விகிதம், ஊரில் அமைதி நிலவுகிறதா கலகமா, இரண்டு தலைநகரங்களும் எவ்வளவு தொலைவு என்பதெல்லாம் சேர்கின்றன. காவல் படையின் எண்ணிக்கை அந்தத் தொகையிலிருந்து கழிகிறது, அவ்வளவுதான். தொகை பெரியதாக இருக்கும்போது இரண்டு ஈட்டிக்காரர்களைக் கழித்து என்ன மிஞ்சும்? மேலும் அந்த விளையாட்டில் ஊர் சாய்ந்தால் உள்ளே நின்ற படையும் சேர்ந்தே காணாமல் போகும்; சந்தேகமுள்ள ஊருக்குள் நல்ல படையை அடைத்து வைப்பவரைப் பார்த்தால் எனக்குக் கையைப் பிசையத் தோன்றும்.

இரண்டாவது சாட்சிதான் எல்லாரையும் கவிழ்ப்பது. "பதினோரு தடவை லோடு பண்ணிப் பாத்தேன், அதே டர்ன்ல அதே மாதிரிதான் போகுது. அப்போ முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கான்லா?" என்றான் பையன். இதைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. தற்செயலுக்காகக் கணினி பயன்படுத்தும் எண்கள், குலுக்கி வைத்த சீட்டுக்கட்டைப் போல ஒரு வரிசையில் நிற்கின்றன. ஆட்டத்தைச் சேமிக்கும்போது கட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் சேர்ந்தே பதிவாகிறது. மீண்டும் லோடு செய்வது கட்டைப் புதிதாகக் குலுக்குவதாகாது. அதே கட்டிலிருந்து அதே சீட்டை மறுபடி உருவுவதுதான். ஒன்று விடாமல் முன்பு செய்ததையே செய்தால் முன்பு நடந்ததே நடக்கும். நியாயமற்ற ஆட்டத்தின் அடையாளமாக நீங்கள் காட்டுவது உண்மையில் அதற்கு எதிரானது: தோற்றவுடன் திரும்பத் திரும்ப லோடு செய்து ஏமாற்றுபவரைத் தடுப்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். இது பிடிக்காதவருக்கும் ஒரு டிக் கட்டம் உண்டு. நான்காவது விளையாட்டில் 'நியூ ரேண்டம் சீட் ஆன் ரீலோட்' என்பதை டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு லோடுக்கும் கட்டு குலுங்கும்.

சிறிய வாய்ப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சுற்றுக்கு ஐந்து சதவீதம் என்றால் நடக்காது என்றே பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அதே ஐந்து சதவீதம் இருபது சுற்றுகள் தொடர்ந்தால், ஒரு முறையாவது நடந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். பையனின் பழைய சேவ் ஒன்று நல்லவேளையாக ஒரு பென் டிரைவில் தப்பியிருந்தது. அதை என் கணினியில் திறந்து, ஊர்த் திரையில் குடிகளின் நாட்டினத்தைக் காட்டும் பட்டையின் மேல் மௌஸை வைக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் பக்கத்து நாட்டின் நிறம். அதன் கீழே கலகம் வெடிக்கும் வாய்ப்பு தசமப் புள்ளியோடு எழுதியிருந்தது. "இத நான் பாத்ததே இல்லையே" என்றான். ஏமாற்ற நினைப்பவன் கணக்கை இப்படி எழுதி ஒட்டி வைப்பானா?

சரி, டிக் கட்டங்களுக்கு வருகிறேன். நான்காவது விளையாட்டில் 'பிளே நவ்' என்பதை அழுத்தி அவசரமாக உள்ளே போகிறவர்களுக்கு இவை கண்ணில் படாது. 'கஸ்டம் கேம்' வழியாகப் போக வேண்டும். அங்கே 'நோ சிட்டி ஃபிளிப்பிங் ஃப்ரம் கல்ச்சர்' என்பதை டிக் செய்தால் பண்பாட்டால் எந்த ஊரும் கை மாறாது. அதன் அருகிலேயே 'சிட்டி ஃபிளிப்பிங் ஆஃப்டர் கான்குவெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. இதைப் படிக்காமல் டிக் செய்து தலையில் கை வைத்தவர்கள் ஏராளம். இயல்பு நிலையில், ஒரு நாட்டிடமிருந்து நீங்கள் பிடித்த ஊர் பண்பாட்டுச் செல்வாக்கால் அந்தப் பழைய நாட்டுக்கே திரும்பாது. இந்தக் கட்டத்தை டிக் செய்தால் திரும்பும். முதலாவது பூட்டு, இரண்டாவது திறவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விளையாட்டின் கான்குவெஸ்ட்ஸ் என்ற விரிவாக்கத்திலும் (பின்னர் வந்த கூடுதல் தொகுப்பு) பண்பாட்டு மாற்றத்தை அனுமதிக்கவோ மறுக்கவோ ஒரு கட்டம் உண்டு. இவற்றையெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்; நூறு சுற்றுகள் ஆடிவிட்டு அமைப்பைத் தேடினால் கிடைக்காது.

ஆறாவது விளையாட்டில் கதை வேறு. 2018இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் ஒவ்வொரு ஊருக்கும் நூறு புள்ளி வரை விசுவாசம் என்ற அளவைக் கொடுத்தது. ஒன்பது கட்டத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களின் மக்கள்தொகை அழுத்தம் கொடுக்கிறது. தொலைவு கூடக் கூட அழுத்தம் குறைகிறது. விசுவாசம் பூஜ்யத்தைத் தொட்டால் ஊர் முதலில் தனி ஊராகும், பிறகு எவரோடாவது சேரும். இதை நிறுத்த டிக் கட்டம் எதுவும் கிடையாது. ஆட்டத்தை அமைக்கும்போது ரூல்செட் என்ற இடத்தில் விரிவாக்கத்தின் விதிகளை விட்டு அடிப்படை விதிகளைத் தேர்ந்தெடுப்பதே வழி. அப்போது ஊர்களுக்கு நாம் அனுப்பும் அதிகாரிகளான கவர்னர்களும் போய்விடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால் நிறுத்தாமலே ஆடலாம். எதிரியின் தலைநகர் வாசலில் போய்க் கூடாரம் அடிக்கும் துடுக்குத்தனத்தைக் குறைத்துக்கொண்டு, தள்ளாடும் ஊருக்கு ஒரு கவர்னரை அனுப்பினாலே பெரும்பாலும் போதும். அவர் ஒருவரே சுற்றுக்கு எட்டுப் புள்ளி தருகிறார்.

டிக் கட்டத்தோடு நிற்காமல் எண்களையே மாற்ற விரும்புகிறவர்கள் சிலர் உண்டு. நான்காவது விளையாட்டில் கலகத்தின் வாய்ப்பும், ஊர் கை மாறுவதற்கு முன் எத்தனை கலகம் நடக்க வேண்டும் என்பதும் சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தாகவே இருக்கின்றன, நோட்பேடில் திறக்கலாம். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். அதன் நகலை 'கஸ்டம் அசெட்ஸ்' ஃபோல்டரில் வைத்து அங்கே மாற்றுங்கள். கணினிகளை இணைத்து நண்பர்களோடு லேனில் ஆடப்போவதாக இருந்தால் எல்லாக் கணினியிலும் அதே கோப்பு இருக்க வேண்டும். என் நிலையத்தில் ஒரே ஒருவன் ரகசியமாக எண்ணை மாற்றி வைத்ததால் எட்டுப் பேருடைய ஞாயிற்றுக்கிழமை வீணாய்ப் போனது.

இனி கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊரைப் பூட்டவோ விசுவாசத்தை நிறுத்தவோ தனியாக ஒரு இஎக்ஸ்இ (இயக்கக்கூடிய நிரல் கோப்பு) தேவையே இல்லை. ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எந்தக் குறிப்பையும் அந்த வரியோடு மூடிவிடுங்கள். விளையாட்டை மாற்றியமைக்கும் மோடு வேண்டுமென்றால், விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்தின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுங்கள். வீட்டுக் கணக்கு இருக்கும் கணினியில் விளையாடுகிறவர்கள் அந்தக் கணக்கை வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகலெடுத்து, பென் டிரைவைக் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் அதுவும் சேர்ந்து போகும். கோப்புகளுக்கு வால் முளைத்ததைப் பார்த்த மறு நொடி இணையத்தைத் துண்டியுங்கள். சீட்டில் கேட்ட பணத்தைக் கட்டாதீர்கள், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் பையன் நடந்ததை மூன்று நாள் மறைத்தான். விளையாடியதற்கே அடி விழும் என்ற பயம். முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிக் கோப்புகள் தப்பியிருக்குமா என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். உறுதியாக என்னால் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் சொல்லும்போது தயவுசெய்து முதலில் கேட்டு முடியுங்கள், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய கணினிக்குப் புதிய டிஸ்க் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவில்லை. சில வகைப் பூட்டுகளுக்குப் பின்னாளில் இலவசத் திறவுகோல் வெளியாவதுண்டு. 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளம் அந்தப் பணியைச் செய்து வருகிறது. அதனால் டிஸ்க்கை ஒரு உறையில் இட்டு, மேலே 'செங்கோட்டை, குழுக் கணக்கு' என்று எழுதி, கடை அலமாரியில் வைத்திருக்கிறேன். குழுவின் பழைய ரசீதுகளைப் பார்த்துப் பையன் இப்போது கணக்கை முதலிலிருந்து தட்டச்சு செய்து கொண்டிருக்கிறான். இரண்டாம் ஆண்டு வரை வந்திருப்பதாகச் சென்ற வாரம் சொன்னான்.