இடது பக்கம் வளைவு, வலது பக்கம் ஹேண்டில்பார்

ஸ்பீட்வே ரேஸ் வீடியோ ஒண்ண அனுப்பிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பைக் இடது பக்கம் வளையுது, ஹேண்டில்பார் வலது பக்கம் திரும்பியிருக்கு, இது கிராபிக்ஸ் தானே?" இல்லைங்க, நிஜம்தான். அதுவும் பிரேக்கே இல்லாத வண்டில.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். மண் தடம், நாலு பேர், நாலு சுத்து, கடிகாரத்துக்கு எதிர் திசை, புள்ளி 3, 2, 1, கடைசி ஆளுக்கு பூஜ்யம். ஒரு நிமிஷம் முன்னபின்ன ஆட்டம் க்ளோஸ். 500 சிசி, ஒத்த சிலிண்டர், வண்டி குறைஞ்சது 77 கிலோ, ஓட்டும்போது கியர் மாத்துற வேலையே கிடையாது. 1936ல வெம்ப்ளில முதல் உலக ஃபைனல் நடந்துச்சு, ரொம்ப வருஷம் ஒரே ராத்திரில சாம்பியன் யாருன்னு முடிவாகிட்டு இருந்துச்சு, 1995லேர்ந்து தான் ஊர் ஊரா போற கிராண்ட் பிரி சீசன். 2025 சீசன பாத்தவங்களுக்கு நகமே மிஞ்சியிருக்காது. ஆஸ்திரேலியாவோட பிரேடி குர்ட்ஸ் தன்னோட முதல் முழு சீசன்லயே கடைசி ஐந்து ரவுண்டையும் வரிசையா ஜெயிச்சும், போலந்தோட பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் 183க்கு 182ன்னு ஒரே ஒரு புள்ளில தன்னோட ஆறாவது பட்டத்த தூக்கிட்டு போயிட்டார்.

சரி, கேள்விக்கு வருவோம். உராய்வு விசை எப்பவும் வழுக்குற திசைக்கு எதிரா இருக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அந்த ஒரு வரிய மட்டும் கெட்டியா பிடிச்சுக்கங்க.

வளைவுக்குள்ள நுழையும்போது ரைடர் வண்டிய சாய்ச்சு, பின்பக்கத்த வெளிய தள்ளி, மூக்க உள்பக்கமா திருப்பிடறார். அதாவது வண்டி பாக்கிற திசை வேற, போற திசை வேற. குறுக்கா தேயறதாலயே வேகம் குறையும், பிரேக்கோட வேலை இங்கயே முடிஞ்சுது. இப்ப த்ராட்டில, அதாவது ஆக்ஸிலரேட்டர, முறுக்கறார். பின் சக்கரம் வண்டியோட வேகத்துக்கு ரொம்ப மேல சுத்த ஆரம்பிக்குது, டயரோட அடிப்பாகம் மண்ண பின்னாடி வாரி எறியுது. வழுக்கல் இப்ப பெரும்பாலும் பின்பக்கமா, அதனால மண்ணு டயர தள்றது முன்பக்கமா, அதாவது வண்டியோட மூக்கு பாக்கிற பக்கமா. மூக்கு எங்க பாக்குது? வளைவுக்கு உள்ள! ஆக இன்ஜின் கொடுக்கிற தள்ளுவிசைல ஒரு பங்கு வட்டத்தோட மையத்த நோக்கி போகுது, அதுவே மையநோக்கு விசையாவும் வேலை செய்யுது. எத்தன தடவ நினைச்சாலும் எனக்கு இது அலுக்கவே அலுக்காது. நம்ம பைக்ல வளைக்கிறதுக்கு ஹேண்டில், ஓட்டறதுக்கு இன்ஜின்னு வேலை தனித்தனி, இங்க வளைக்கிறதே வலது கை முறுக்கல் தான்.

அப்ப ஹேண்டில்பார்? முன் சக்கரம் உருளணும்னா வண்டி நிஜமா போற திசைய பாக்கணும். மூக்கு இடது பக்கம் அதிகமா திரும்பிட்டதால, போற திசை மூக்குக்கு வலது பக்கம் இருக்கு, அவ்ளோதான் விஷயம்.

பயந்துபோய் த்ராட்டில பட்டுன்னு மூடினா இன்னும் ஆபத்து. சக்கரம் சுத்தறது குறைஞ்சதும் டயர் திடீர்னு பக்கவாட்டுல பிடிச்சிக்கும், வண்டி நிமிர்ந்து ரைடர தூக்கி எறியும். 30 மீட்டர் ஆரத்துல 60 கிலோமீட்டர் வேகம்னு வச்சு கணக்கு போட்டுப் பாருங்க, மையநோக்கு முடுக்கம் கிட்டத்தட்ட புவியீர்ப்பு முடுக்கம் அளவுக்கு வரும். உதிரி மண்ணுல!

எரிபொருள் மெத்தனால். ஆவியாகும்போது பெட்ரோல விட கிலோவுக்கு மூணு மடங்கு வெப்பத்த உறிஞ்சும், அதனால இன்ஜின்ல கலவைய நல்லா அழுத்தலாம், நாக்கிங் (கலவை தாறுமாறா வெடிச்சு இன்ஜின் தட்டுறது) வராது. ஆனா குடி ஜாஸ்தி, பகல்ல தீப்பிடிச்சா சுவாலையே சரியா தெரியாது.

கேட் (ரேஸ் கிளம்புற இடம்) ராசின்னு பேசறவங்க எல்லா விளையாட்டுலயும் உண்டு. இதுல ராசி இல்ல, மண்ணு. பின் சக்கரங்க வாரி எறியற மண்ணு போகப்போக வெளிப்பக்கம் சேரும், உள்பக்கம் வழவழன்னு ஆகும். அதனால தூரம் கூடினாலும் வெளிய சுத்தறவர் முந்திடறார். டிராக்டர் வந்து சமன் பண்ணி தண்ணி அடிச்சா கணக்கே மாறும், ரைடரும் அதுக்கேத்த மாதிரி பல்சக்கரத்த மாத்துவார். உதிரி மண்ணோட இயற்பியல் இன்னும் முழுசா பிடிபடாத ஏரியா. நிலச்சரிவுலேர்ந்து டிராக்டர் டயர் வரைக்கும் இது தான் அடிப்படை. ஆனா "மண்ண ஆராய காசு குடுங்க"ன்னு கேட்டா எந்த கமிட்டியும் சிரிக்கும்னு தான் எனக்கு தோணுது, ராக்கெட்னு சொன்னா தான் காது குடுப்பாங்க.

மண்ணு சொதப்பினா என்ன ஆகும்னு 2015ல வார்சா காட்டுச்சு. கால்பந்து ஸ்டேடியத்துக்குள்ள மண்ணு கொண்டுவந்து கொட்டி போட்ட தற்காலிக தடம், 50,000 பேருக்கு மேல கூட்டம், 2010 சாம்பியன் தோமாஷ் கோலோபுக்கு வழியனுப்பு விழா வேற. தடமும் மோசம், ரேஸ் ஆரம்பிக்க மேல எழும்பற ஸ்டார்ட் டேப்பும் சொதப்பல், 12 ஹீட்டோட (அதாவது 12 ரேஸோட) நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் அதே இடத்துல தடத்த ஒழுங்கா போட்டு முழுசா நடத்தினாங்க, பிரிட்டன் ரைடர் டாய் வொஃபிண்டன் ஜெயிச்சார்.