கண்ணுக்குள் மினுங்கும் புள்ளிகளும் ‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையும்

வெளியே ஒளி எதுவும் இல்லாதபோதும் கண்ணில் ஒளி தெரிகிறது என்று சொல்ல வருகிறவர்கள், பாதி மன்னிப்புக் கேட்கும் தொனியிலேயே பேச்சைத் தொடங்குவதைக் கண் மருத்துவராக நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். “உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம் டாக்டர்” என்பார்கள்; “ஒருவேளை பிரமையாகக்கூட இருக்கலாம்” என்று தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். அவர்களில் சிலர் வேறோர் இடத்தில் பரிசோதித்துக்கொண்டு, எல்லாம் இயல்பாக உள்ளது என்று எழுதிய தாளையும் கொண்டுவந்திருப்பார்கள். ஆறுதல் தரவேண்டிய அந்தத் தாளே அவர்களுடைய கலக்கத்தைக் கூட்டியிருக்கும். ஒன்றுமில்லை என்றால், தெரிகிற இந்தப் புள்ளி எது? நியாயமான கேள்விதான். காரணம் தெரியாதவை என்று சொல்லப்படும் ஒளிப்புள்ளிகளில் பலவற்றுக்கு, நோயாளியை இன்னும் பத்து நிமிடம் பேசவிட்டிருந்தால் காரணம் தெரிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு அடிப்படை. விழித்திரைக்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. அதை ஒளியே தொட்டாலும், விரல் அழுத்தினாலும், உள்ளிருந்து ஏதேனும் பிடித்து இழுத்தாலும், அது மூளைக்கு ‘வெளிச்சம்’ என்றுதான் சொல்லும்; வலி என்று சொல்ல அதில் வலி நரம்புகளே இல்லை. ‘கண்ணில் பொறி பறக்க அறைந்தான்’ என்று நாம் சொல்வது உவமையன்று, நேரடியான உடலியல் விவரிப்பு. விழித்திரை அனுப்பும் செய்தியைப் பெற்றுக் காட்சியாக்கும் மூளையின் பின்பகுதியும் அப்படித்தான்: அங்கே நரம்பணுக்கள் தாமாகக் கிளர்ச்சியடைந்தால், கண்ணுக்கு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே ஒளி தெரியும். ஆகவே இந்தப் புள்ளிகள் கற்பனை அல்ல. அவை கண்ணில் பிறக்கின்றனவா, மூளையில் பிறக்கின்றனவா என்பதே நாங்கள் முதலில் தேடும் விடை.

அந்த விடைக்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு, அதற்குக் கருவி தேவையில்லை. ஒளி தெரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அது மறைந்தால் அது அந்தக் கண்ணின் விஷயம். எந்தக் கண்ணை மூடினாலும் அதே இடத்தில் நீடித்தால் பெரும்பாலும் மூளையின் விஷயம். இதில் ஏமாறவும் இடம் உண்டு: காட்சியின் வலப்பாதியில் தெரிவதைப் பெரும்பாலானோர் ‘வலது கண்ணில்’ தெரிவதாகச் சொல்வார்கள். இரண்டு கண்களின் வலப்பாதிக் காட்சியும் மூளையின் ஒரே பக்கத்துக்குத்தான் போகிறது என்பதால், மூடிப் பார்க்காமல் சொல்லப்படும் பதிலை நான் முழுமையாக நம்புவதில்லை. அடுத்து, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்பேன். ஒரு நொடியா, சில நிமிடங்களா, அரைமணி நேரமா, அல்லது நாள் முழுவதுமா என்பதிலேயே பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது.

கண்ணுக்குள் பிறக்கும் மின்னலில் மிகவும் பொதுவானது, ஐம்பது வயதை ஒட்டியும் அதற்குப் பின்னும் நிகழும் ஒரு மாற்றத்தால் வருவது. கண்ணின் உட்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் சுமார் 4 மில்லிலிட்டர் அளவுடையது. அதில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான், மீதியில் கொலாஜன் என்ற புரத இழைகள் அதற்கு உருவம் தருகின்றன. வயது கூடக்கூட அந்தக் கூழ் ஆங்காங்கே நீர்த்துச் சுருங்கி, ஒரு நாள் விழித்திரையை விட்டுப் பின்பக்கத்திலிருந்து விலகத் தொடங்குகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இது முன்கூட்டியே நேரலாம். விலகும் கூழ் இன்னும் ஒட்டியிருக்கும் இடங்களில் விழித்திரையை இழுக்கும்போது, பெரும்பாலும் காதுப் பக்கத்து ஓரத்தில், வில் போலவோ கோடு போலவோ ஒரு நொடி வெளிச்சம் வீசி மறையும். பகலில் கவனிக்காதவர்கள்கூட, இருட்டில் கண்ணை வேகமாகத் திருப்பும்போது அதைப் பார்த்துவிடுவார்கள். கூடவே பூச்சி பறப்பது போலவோ நூல் மிதப்பது போலவோ நிழல்கள் தோன்றும். விலகல் முழுமையடைந்ததும் இழுப்பு நின்று, சில வாரங்களிலோ மாதங்களிலோ மின்னல் தானாகக் குறையும்.

இதுவரை சொன்னது முதுமையின் இயல்பான நிகழ்வு, நோயன்று. சிக்கல் எங்கே என்றால், கூழ் எங்கேனும் கெட்டியாக ஒட்டியிருந்து, விலகும்போது விழித்திரையையும் சேர்த்துக் கிழித்துவிடலாம். இப்படித் திடீர் அறிகுறிகளோடு வருகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலானவர்களுக்கோ கிழிசல் காணப்படுகிறது. கிழிசல் வழியே நீர் புகுந்தால் விழித்திரை சுவரிலிருந்து உரிந்துகொள்ளும்; அதுவே விழித்திரை விலகல். கிழிசல் மட்டும் இருக்கும் கட்டத்தில் பிடித்துவிட்டால், அதைச் சுற்றிச் சில நிமிடங்களில் லேசர் போட்டு அணைகட்டிவிடலாம், ஓரிரு வாரங்களில் அந்தத் தழும்பு இறுகிவிடும். உரிந்த பிறகு அறுவை சிகிச்சைதான் வழி, அப்போதும் நடுப்பார்வைக்குரிய பகுதி உரிந்துவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தே மிஞ்சும் பார்வை அமையும். எனவே புதிதாக மின்னல் தோன்றினால், அதிலும் மிளகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினால், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல நிழல் வந்தால், பார்வை மங்கினால், வார இறுதி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காட்டுங்கள். வலி இல்லை என்பதால் அவசரமில்லை என்று எண்ணித் தாமதித்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். விழித்திரை வலிக்காது என்று மேலே எழுதியதற்கு அதுவே காரணம்.

மூளையில் பிறக்கும் ஒளியில் முதலிடம் மைக்ரேனுக்கு. பலரும் மைக்ரேன் என்றால் தலைவலி என்றே நினைக்கிறார்கள், ஆனால் அதன் முன்னறிகுறியான ஒளிக்காட்சி தலைவலியே இல்லாமலும் வரலாம். நடுவுக்கு அருகில் சிறிய மினுங்கும் புள்ளியாகத் தொடங்கி, கோட்டை மதிலின் மேல்விளிம்பு போன்ற வளைந்த முறிகோடாக மெல்ல விரிந்து, தன் உட்புறத்தில் எழுத்துகளை விழுங்கிக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்து, பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் கரைந்துவிடும். வரையறைப்படி 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை அது நீடிக்கலாம். இரண்டு கண்களையும் மூடினாலும் தெரியும். ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் தமக்கு வந்த இக்காட்சியைப் படிப்படியாக வரைந்து 1870இல் வெளியிட்டார். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியல் ஆய்வாளர் தம்முடைய காட்சி விரியும் வேகத்தைக் கணக்கிட்டு, மூளையின் மேலடுக்கான புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டும் என்று முடிவுசெய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவி, நரம்பணுக்களின் மின்செயலைச் சிறிது நேரம் அடக்கிவிடும் ஓர் அலையை அரிஸ்டிடெஸ் லியாவோ என்ற ஆய்வாளர் விவரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து தன் கண்ணில் தெரிந்ததைக் குறித்துவைத்த ஒருவரின் கணக்கு ஆய்வகத்து அளவோடு பொருந்தியது எனக்கு இன்றும் வியப்புத்தான். நோயாளிகளிடம் வரைந்து கொண்டுவரச் சொல்வதற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காட்சி மெல்ல வளர்கிறது என்பதே அதன் அடையாளம். நொடியில் முழு அளவில் வந்து விழுகிற பார்வை இழப்பு, அதிலும் கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம் என்று கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஐம்பதுக்கு மேல் முதன்முறையாக இப்படி ஒளி வருகிறவர்களை, மைக்ரேன்தான் என்று தோன்றினாலும், நான் நரம்பியல் மருத்துவரிடம் ஒருமுறை அனுப்பிவிடுகிறேன். ஒளிக்காட்சியுடன் கூடிய மைக்ரேன் உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதும், புகைபிடிப்பதும் பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால், கண் மருத்துவரிடம் சொன்னதை மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

முற்றிலும் இயல்பான ஒரு புள்ளிக்கூட்டமும் உண்டு. தெளிந்த நீல வானத்தையோ ஒளிரும் நீலத் திரையையோ பார்க்கும்போது, சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் வாலோடு நெளிந்து ஓடி ஒரு நொடியில் மறையும். விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளணுக்கள்தாம் அவை: சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ள, வெள்ளணு கடக்கும் இடத்தில் ஒளி தடையின்றி உள்ளே விழுகிறது. நாடித்துடிப்புக்கேற்ப அவற்றின் வேகம் கூடிக் குறைவதைக்கூடக் கவனிக்கலாம். இவற்றைக் கண்டு அஞ்சி வருகிறவர்களுக்கு நான் தரும் மருந்து இந்த விளக்கம் மட்டுமே.

சட்டென்று எழும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து பொறிகள் தெரிவது ரத்த அழுத்தம் கணநேரம் இறங்குவதால். அடிக்கடி நேர்ந்தால் அழுத்தத்தையும் எடுக்கும் மாத்திரைகளையும் பார்க்கவேண்டும். கருவுற்று 20 வாரம் கடந்த பெண்ணுக்கு ஒளிப்பொறிகளும் தலைவலியும் சேர்ந்து வந்தால் கண் மருத்துவரைத் தேடி வரவேண்டாம். முதலில் ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், 140/90க்கு எட்டியிருந்தால் அது மகப்பேற்று அவசரம். வண்ண வட்டங்கள் ஒரே பக்கத்தில் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் வலிப்பை நினைக்கவேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் ஐவாப்ரடின் என்ற மாத்திரை, வெளிச்சம் திடீரென மாறும்போது காட்சியின் ஒரு பகுதியைப் பளிச்சிட வைக்கும்; பெரும்பாலும் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்தவரிடம் சொன்னால் போதும்.

இனி அந்த ‘ஒன்றுமில்லை’ அறிக்கை. முதலில், அது எந்தப் பரிசோதனையின் அறிக்கை என்று பாருங்கள். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரிக்காமல் எடுத்த படத்தில் விழித்திரையின் ஓரம் முழுமையாகத் தெரியாமல் போகலாம். கிழிசல்கள் பிறப்பதோ பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். விரித்த பின் சில மணி நேரம் எழுத்துகள் மங்கும், வெயில் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. அதற்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்பது வீண் சிக்கனம். இரண்டாவது, அறிக்கைக்கு ஒரு தேதி உண்டு. கூழ் விலகிக்கொண்டிருக்கும் காலத்தில் இன்று இல்லாத கிழிசல் அடுத்த வாரம் தோன்றலாம் என்பதால்தான் 4 முதல் 6 வாரங்களுக்குள் மீண்டும் வரச் சொல்கிறோம். அந்த இரண்டாவது வருகையை, குணமாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இத்தனைக்கும் பிறகு காரணம் பிடிபடாத சிலர் எஞ்சுகிறார்கள். அவர்களில் ஒரு சாராருக்கு, பழைய தொலைக்காட்சியில் அலைவரிசை கிடைக்காதபோது தெரியும் இரைச்சல் போல, காட்சி முழுவதும் நுண்புள்ளிகள் இடையறாது கொதித்துக்கொண்டிருக்கும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, வெளிச்சக் கூச்சமும் பொருளின் சுவடு கண்ணில் தங்குவதும் சேர்ந்தால் அதற்குக் ‘காட்சிப் பனி’ நோய்த்தொகுப்பு என்று பெயர். கண் ஆரோக்கியமாகவே இருக்கும். மூளை காட்சிச் செய்திகளை வடிகட்டுவதில் உள்ள மாற்றம் என்றே கருதப்படுகிறது. பார்வையைப் பறிக்காது, ஆனால் உறுதியாகத் தீர்க்கும் மருந்தும் இல்லை. நிறமேற்றிய கண்ணாடி சிலருக்கு உதவுகிறது. இதைக் கரைப்பதாகச் சொல்லும் சொட்டு மருந்துக்கோ கண் பயிற்சிக்கோ பணம் செலவழிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

இவர்களை அதிகம் வாட்டுவது புள்ளியைவிட, புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். வெள்ளைச் சுவரை வெறித்துப் பார்ப்பது, விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை உருட்டிச் சோதிப்பது, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை குறிப்பது என்று அது வளரும். கவனம் எதன்மேல் திரும்பத் திரும்ப விழுகிறதோ அதை மூளை முக்கியமானது என்று எடுத்துக்கொள்ளும். கடிகார ஒலியைக் கேட்காமலிருக்கக் கற்ற அதே மூளைதான், நாமே தினமும் நினைவூட்டினால் மறக்க மறுக்கிறது. ஆகவே நான் ஓர் ஏற்பாட்டைச் சொல்வதுண்டு. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒவ்வொரு கண்ணையும் மூடிப் பார்த்து, இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் தேடிப் பார்க்கவேண்டாம். முழு இருட்டில் படுப்பதற்குப் பதில் மங்கிய விளக்கொன்று எரியட்டும். தூக்கம் கெட்டிருந்தாலோ பதற்றம் மிகுந்திருந்தாலோ அதற்கும் சிகிச்சை பெறுங்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் ‘இது பிரமை’ என்று தீர்ப்பளித்ததாகப் பொருளில்லை.

கூழ் விலகல் இருந்த ஒரு பெரியவருக்கு முதல் பரிசோதனையில் கிழிசல் இல்லை. எவை வந்தால் திரும்பி வரவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தோம். மின்னல் குறைந்து வந்த மூன்றாவது வாரத்தில், திடீரெனக் கரும்புள்ளிகள் பெருகியதும் அந்தத் தாளோடு அன்று மாலையே வந்துவிட்டார். மேல்விளிம்பில் சிறிய கிழிசல், லேசரோடு முடிந்தது. இப்போதும் எப்போதாவது இருட்டில் ஓரமாக ஒரு வெளிச்சம் வீசுகிறதாம். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். தாள் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் எழுவதில்லை என்றார்.